அச்சா, டிவியா, ப்ரொஜெக்டரா? புதுச்சேரியில் டிஜிட்டல் ஓவியக் காட்சி வைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஐபேடில் வரைகிறவர்கள், பிளெண்டர் மென்பொருளில் அனிமேஷன் செய்கிறவர்கள், கணினி நிரல் எழுதிப் படம் வரவழைக்கிறவர்கள் என்று கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். போனிலேயே எல்லாவற்றையும் காட்டிப் பழகியவருக்குத் திடீரென்று ஒரு ஹால் கிடைத்துவிடுகிறது. நாலு சுவர், பத்து நாள். உடனே குழப்பம் தொடங்கும். பிரிண்ட் போட்டு மாட்டுவதா, டிவியில் ஓடவிடுவதா, ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுப்பதா? போதாததற்கு, "டிஜிட்டல் ஆர்ட்டைத் தாளில் அடித்துவிட்டால் அப்புறம் அது என்ன டிஜிட்டல்?" என்று நண்பர் ஒருவர் கிளப்பிவிட்டிருப்பார்.

அந்த நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். 1965-ல் ஸ்டுட்கார்ட்டில் கேயார்க் நேஸ், அதே ஆண்டு நியூயார்க்கின் ஹவர்ட் வைஸ் கேலரியில் மைக்கேல் நோல் எனக் கணினிப் படங்களைக் காட்சிக்கு வைத்த முன்னோடிகள் சுவரில் மாட்டியது தாளைத்தான். 2012-ல் லண்டன் ராயல் அகாடமியில் டேவிட் ஹாக்னி தன் ஐபேட் ஓவியங்களைப் பெரிய தாள்களில் அச்சிட்டே தொங்கவிட்டார். அதே காட்சியில் அசையும் படங்களும் இருந்தன. அவற்றுக்குத் திரைகள். ஆகவே தாள் என்பது தோல்வி அல்ல. நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வதும் அதுதான்: அசையாத படத்தைத் தாளில் போடுங்கள், அசைவதற்கு மட்டும் திரை தேடுங்கள். ஆனால் இதற்கு விலக்குகள் உண்டு, அவை பெரும்பாலும் அறையிலிருந்து வருகின்றன.

எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் படைப்பு. அசையாத படமா, லூப்பில் (முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து) ஓடுவதா, பார்ப்பவர் தொட்டால் மாறுவதா? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்து அறை. புதுச்சேரியில் காட்சிக்குக் கிடைக்கும் இடங்களில் பல பழைய வீடுகள். தமிழர் பகுதி வீடு என்றால் நடுவில் முற்றம் திறந்திருக்கும். பிரெஞ்சுப் பகுதி என்றால் ஆள் உயர ஜன்னல்களும் எட்டாத உயரத்தில் கூரையும். இரண்டிலும் பகல் வெளிச்சம் தாராளம். சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் துளை போடுவது பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் ரெயிலிலோ கொக்கியிலோதான் தொங்கவிட வேண்டும். கடலூரில் மண்டபமோ பள்ளி ஹாலோ எடுத்தால் தொல்லை வேறு விதம்: அத்தனை டியூப் லைட்டும் ஒரே ஸ்விட்சில் எரியும். ஒரு மூலையை மட்டும் இருட்டாக்க வழி இருக்காது.

மூன்றாவது, ஆள். திறப்பு விழா அன்று நீங்கள் இருப்பீர்கள். எட்டாவது நாள் மதியம் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் வேறு யாராவதாக இருப்பார். படம் நின்றுபோனால் அவரால் திரும்ப ஓட்ட முடியுமா? இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை.

நான்காவது, வந்தவர் எதையாவது வாங்கிக்கொண்டு போக முடியுமா என்பது. வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் இங்கே கேலரிகளுக்குள் நிறையவே நுழைகிறார்கள். அவர்கள் கையில் பை இருக்கும், காரில் கொஞ்சம் இடமும் இருக்கும்.

பணத்தைக் கடைசியில் வைக்கிறேன். எது ஒரே முறை செலவு, எது நாள் வாடகை என்று பிரித்துப் பார்த்தால் போதும். மின்கட்டணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். 55 அங்குல டிவி சுமார் 120 வாட் இழுக்கிறது என்று வைத்தால், தினம் 8 மணி நேரம், பத்து நாளுக்கு 10 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். 350 வாட் ப்ரொஜெக்டர் 28 யூனிட். செலவு ஒளிந்திருப்பது அங்கே இல்லை.

அச்சு

அசையாத ஓவியத்துக்கு என் முதல் தேர்வு. கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம், மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினால் காலையில் அப்படியே இருக்கும். விற்கவும் முடியும். ஆனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, பிக்சல் கணக்கு. இன்ஸ்டாகிராமுக்காக 1080 × 1350 அளவில் சேமித்த கோப்பு, ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சல் என்று வைத்தால் 7 × 9 அங்குலம்தான் தாங்கும். 12.9 அங்குல ஐபேடின் திரை அளவில், அதாவது 2732 × 2048-ல் வரைந்திருந்தால் 18 × 13 அங்குலம் வரை போகலாம். கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கும் நுணுக்கமான கோட்டோவியம் என்றால் 300 பிக்சல் வேண்டும். அப்போது இந்த அளவுகள் பாதியாகிவிடும். இரண்டடிக்கு மூன்றடி ஓவியம் மாட்ட ஆசைப்படுகிறவர் குறைந்தது 3600 × 5400-ல் வரைந்திருக்க வேண்டும். பெரிதாக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. தூரிகைத் தடத்தை அவை மொழுமொழுவென்று ஆக்கிவிடும். நான் பரிந்துரைப்பது, கோப்பு சிறியது என்றால் படத்தையும் சிறியதாகவே போட்டு, சுற்றி அகலமான வெள்ளை மவுண்ட் (அட்டை ஓரம்) விடுவது. பெரிய சுவரில் சிறிய படம் ஆளைக் கிட்டே கூப்பிடும்.

இரண்டு, நிறம். திரை தானே ஒளிவிடுகிறது. தாள் மேலே விழும் ஒளியைத் திருப்பித்தான் தருகிறது. அதனால் ஐபேடில் பளீரென்று இருக்கும் நியான் பச்சையும் மின்சார நீலமும் தாளில் சற்று இறங்கியே வரும். அச்சகத்திடம் அவர்களுடைய தாளுக்கான நிற ப்ரொஃபைலை (அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் சிறு கோப்பு) வாங்கி, ஃபோட்டோஷாப்பில் முன்கூட்டியே போட்டுப் பார்த்தால் எது இறங்குகிறது என்று தெரிந்துவிடும். நீங்களாகவே அச்சு மையின் நிறமுறையான சி.எம்.ஒய்.கே-க்கு மாற்றி அனுப்ப வேண்டாம்; பிக்மென்ட் (நிறத்துகள் கலந்த மை) இங்க்ஜெட் அச்சிடுகிறவர்கள் பலர் திரையின் நிறமுறையான ஆர்.ஜி.பி கோப்பையே கேட்பார்கள். கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

பிக்மென்ட் இங்க்கும் பருத்தித் தாளும் விலை கூடுதல்தான். "ஃப்ளெக்ஸ் கடையிலேயே அடித்துவிடலாமே" என்று தோன்றும். அடிக்கலாம். ஆனால் இந்த ஊர்களில் ஃப்ளெக்ஸ் என்றால் கண்ணுக்கு வருவது பிறந்தநாள் வாழ்த்தும் கட்சிக் கூட்டமும். உங்கள் ஓவியம் எத்தனை நன்றாக இருந்தாலும் அந்தப் பளபளப்பு அதைப் பேனர் ஆக்கிவிடும். மாணவர் காட்சி, இரண்டு நாள், கையில் காசில்லை என்றால் மேட் தாளில் அச்சிட்டு சன்போர்டில் (கெட்டியான ஃபோம் பலகை) ஒட்டுங்கள். அது பரவாயில்லை.

மூன்று, கண்ணாடி. டிஜிட்டலில் வரைகிறவர்களுக்கு இருண்ட பின்னணி என்றால் ஏனோ தனிப் பிரியம். இருட்டான படத்தின் மேல் சாதாரணக் கண்ணாடி போட்டால், பார்ப்பவர் தன் முகத்தையும் எதிர் ஜன்னலையும்தான் பார்ப்பார். பிரதிபலிப்பு இல்லாத கண்ணாடி போடுங்கள், அல்லது கான்வாஸில் அச்சிட்டுக் கண்ணாடியே இல்லாமல் மாட்டுங்கள்.

ஒளிந்திருக்கும் செலவு ஃப்ரேம். அச்சுக்கு ஆனதைவிட ஃப்ரேமுக்கு அதிகம் ஆவது சகஜம். எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு ஃப்ரேம் என்று முடிவு செய்தால் அடுத்த காட்சிக்கும் அவை உதவும். அப்புறம் ஈரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதோடு கடல் காற்று. தாள் அலை அலையாக எழும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொள்ளும். மவுண்ட் போர்டு வைத்து இடைவெளி விடுவது அழகுக்காக மட்டும் அல்ல. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சலும் இந்தக் கரையில்தான் ஏறின. ஃபெஞ்சலின்போது ஒரே நாளில் சுமார் 48 செ.மீ மழை கொட்டியதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. தேதி உங்கள் கையில் இருந்தால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் எடுத்துவிடுங்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இது பொருந்தும்.

டிவி, மானிட்டர்

லூப், அனிமேஷன், நிரல் வழியே நகரும் படம், இவற்றுக்கு வெளிச்சமான அறையிலும் வேலை செய்கிற எளிய வழி இது. முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில்கூட டிவி தெரியும். எதிரே ஜன்னல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டு டிவி ஒரு விஷயத்தில் துரோகி. தானாகவே நிறத்தை ஏற்றும், அசைவை வழவழப்பாக்கும், ஓரத்தைக் கொஞ்சம் வெட்டும், யாரும் தொடவில்லை என்று சில மணி நேரத்தில் அணைந்தும் போகும். செட்டிங்கில் போய் 'விவிட்' முறையை 'சினிமா' ஆக்கி, மோஷன் சீராக்கத்தையும் ஈகோ சென்சாரையும் தானாக அணையும் நேரத்தையும் நிறுத்துங்கள். கடைகளில் விளம்பரத்துக்கு வைக்கும் சைனேஜ் திரைகள் வாடகைக்குக் கிடைத்தால் அவையே மேல்: நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தவை, பெரும்பாலும் மேட் பரப்பு, செங்குத்தாக நிறுத்தவும் அனுமதி உண்டு. வீட்டு டிவியைச் செங்குத்தாக மாட்டுவதற்கு முன் அதன் கையேட்டைப் பாருங்கள். மாட்டினாலும் படம் தானாகத் திரும்பாது, வீடியோ கோப்பையே 90 டிகிரி திருப்பி ஏற்றுமதி செய்ய வேண்டும். ஓ.எல்.இ.டி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும்) திரையில் கறுப்பு அருமையாக இருக்கும்; ஆனால் ஒரே அசையாத படத்தை நாள்கணக்கில் வைத்தால் அதன் தழும்பு திரையில் பதியக்கூடும். வாடகை டிவியில் அந்தத் தழும்புக்கு நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள்.

12.9 அங்குல ஐபேடின் அகல உயர விகிதம் 4:3, டிவி 16:9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். சிலர் படத்தை இழுத்து நிரப்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பென் டிரைவில் போட்டு ஓட்டினால் பல டிவிகளில் லூப் முடியும் இடத்தில் ஒரு கணம் கறுப்பாகும், அல்லது கோப்பின் பெயர் மேலே வந்து போகும். 20 விநாடி லூப்பை அப்படியே போடாமல், எடிட்டிங்கில் ஒரு மணி நேரத்துக்கு அடுக்கி ஒரே கோப்பாக்கினால் அந்த அசிங்கம் மணிக்கு ஒரு முறைதான் வரும். ராஸ்பெர்ரி பை மாதிரி சிறு கணினியை வைத்தால் அதையும் தவிர்க்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை: ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்கள், ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள். யாரும் ரிமோட்டைத் தொடாமல் படம் திரும்ப ஓட வேண்டும். ஓடவில்லை என்றால், முதல் மின்வெட்டுக்குப் பிறகு உங்கள் காட்சி 'சிக்னல் இல்லை' என்ற நீலத் திரையாக நிற்கும். கடலூர்ப் பக்கம் வைப்பவர்கள் மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தம் எந்த நாள் என்று முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. சின்ன யுபிஎஸ், அந்தச் சிறு கணினிக்கு மட்டுமாவது, வாங்கிவிடுங்கள்.

நிரந்தரமாக வைக்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. வீடியோ கலைஞர் நாம் ஜூன் பைக் (Nam June Paik) 1988-ல் தென்கொரியாவின் தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் 1003 டிவிகளை அடுக்கி நிறுவிய கோபுரம், குழாய் டிவிகள் பழுதாகிப் பழுதாகி 2018-ல் நிறுத்தப்பட்டது. சீரமைத்து 2022-ல்தான் திரும்ப எரிந்தது. ஒரு தேசிய அருங்காட்சியகத்துக்கே இந்தப் பாடு. ஹோட்டல் வரவேற்பறையில் திரைப் படைப்பு வைக்கச் சொல்லி யாராவது கேட்டால், ஐந்து ஆண்டு கழித்துத் திரையை மாற்றும் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள். உப்புக் காற்று போர்ட்டுகளைச் சும்மா விடாது.

ப்ரொஜெக்டர்

எல்லோருக்கும் ஆசை இதன் மேல்தான். சுவர் முழுக்கப் படம்! ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் அகலத்தில் 16:9 படம் என்றால் பரப்பு ஏறக்குறைய 5 சதுர மீட்டர். 3000 லூமென் (கருவி தரும் மொத்த ஒளி) ப்ரொஜெக்டர் அதில் விழவைப்பது அதிகபட்சம் 600 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி). முற்றம் உள்ள வீட்டின் உள்சுவரில் பகலில் 300 லக்ஸ் இருக்கிறது என்று வைப்போம். ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. சுவரில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம்தான் அதன் கறுப்பு. ஆக, படத்தின் மிக வெளிச்சமான இடம் 900, மிக இருண்ட இடம் 300. மூன்றுக்கு ஒன்று. நள்ளிரவுக் காட்சி வரைந்தவருக்கு அது சாம்பல் நிற மதியமாகத் தெரியும்.

இங்கே சூரியன் மறைவது பருவத்தைப் பொறுத்து 5:40-க்கும் 6:40-க்கும் இடையில். கேலரி ஏழு மணிக்குப் பூட்டுகிறது என்றால் ப்ரொஜெக்டருக்கு மிஞ்சுவது அதிகபட்சம் ஒரு மணி நேரம் சொச்சம், பருவத்தைப் பொறுத்து இருபது நிமிடமாகவும் குறையும். ஒன்பது வரை திறந்து வைக்க அவர்கள் சம்மதித்தால் நிலைமை தலைகீழ். மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள்; கூட்டம் நடந்தே வருகிறது. அந்த நேரத்துக்கு ஏற்ற காட்சி ப்ரொஜெக்டர்தான். பகலில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்தும் வைக்கலாம், ஆனால் மே மாதத்தில் அந்த அறைக்குள் யாரையும் நிற்கவைக்க முடியாது. துணி, ஏசி, கூடுதல் நேரத்துக்குக் காவலாளி, இவைதான் ப்ரொஜெக்டரின் ஒளிந்திருக்கும் செலவுகள்.

தூரமும் பாருங்கள். த்ரோ விகிதம் (கருவியின் தூரத்துக்கும் பட அகலத்துக்கும் உள்ள விகிதம்) 1.5 என்று எழுதியிருந்தால், 3 மீட்டர் அகலப் படத்துக்குக் கருவி 4.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நடுவில் நடக்கிறவர் நிழல் படத்தில் விழும். 0.5 விகிதமுள்ள ஷார்ட் த்ரோ என்றால் ஒன்றரை மீட்டர் போதும், வாடகை கூடும். கூரையில் மாட்ட முடியாத பழைய வீட்டில் ஷார்ட் த்ரோவுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் இல்லை. கோணலாக வைத்துவிட்டு கீஸ்டோன் என்ற செட்டிங்கில் நேராக்கினால் படம் மங்கும். சுவர் மஞ்சள் என்றால், இந்த ஊரில் அது நடக்கக்கூடியதுதான், நீலங்கள் செத்துப்போகும். வெள்ளை ஃப்ளெக்ஸைத் திருப்பிக் கட்டினாலும் பரவாயில்லை.

விளக்கு வகைக் கருவியின் பல்பு சில ஆயிரம் மணி நேரத்தில் தீரும், லேசர் வகை 20,000 மணி நேரம் வரை போகும். பல்பு தேய்ந்த கருவியை வாடகைக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. மெனுவில் பல்பு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று காட்டும், எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

எல்.இ.டி வால், ஹெட்செட்

கல்யாண மண்டபத்தில் வாசலுக்கு வைக்கிறார்களே, அந்த எல்.இ.டி வால் பகலிலும் பளிச்சென்று தெரியும். பெரிதாகவும் இருக்கும். ஆனால் பி3 வகை என்றால் பிக்சலுக்குப் பிக்சல் 3 மில்லிமீட்டர். பத்தடி அகலத்தில் மொத்தமே சுமார் 1000 பிக்சல்தான், உங்கள் போனில் இருப்பதைவிடக் குறைவு. மூன்று மீட்டர் தள்ளி நின்றால்தான் படம் கூடும். சின்ன அறையில் கண் கூசும். பெரிய ஹால், தடித்த வடிவங்கள், ஒரே மாலை என்றால் எடுங்கள். மெல்லிய கோடு வரைகிறவர் பக்கத்திலேயே போக வேண்டாம்.

வி.ஆர் ஹெட்செட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் போட முடியும். பக்கத்தில் ஒரு ஆள் எப்போதும் வேண்டும், வேர்வை துடைக்கத் துணியும் வேண்டும். படைப்பே வி.ஆர்-க்காகச் செய்தது என்றாலொழிய இதை எடுக்கக் காரணம் இல்லை.

ஒரு பார்வையில்

| | அச்சு | டிவி | ப்ரொஜெக்டர் | எல்.இ.டி வால் |
|---|---|---|---|---|
| எதற்கு | அசையாத படம் | லூப், அனிமேஷன் | பெரிய அளவு வேண்டிய அசைவு | தூரத்திலிருந்து பார்ப்பது |
| பகல் வெளிச்சம் | பிரச்சினை இல்லை, நேர்வெயில் மட்டும் கூடாது | தாங்கும் | தாங்காது | நன்றாகத் தாங்கும் |
| கரண்ட் போனால் | ஒன்றும் ஆகாது | சோதித்து வைத்தால் தானே ஓடும் | ஆள் வேண்டும் | வாடகைக்காரர் ஆள் வேண்டும் |
| விற்பனை | எளிது | கடினம் | மிகக் கடினம் | இல்லை |
| செலவு எப்படி | ஒரே முறை | நாள் வாடகை அல்லது சொந்தம் | நாள் வாடகை | நாள் வாடகை, அதிகம் |
| ஒளிந்திருப்பது | ஃப்ரேம் | யுபிஎஸ், சிறு கணினி | இருட்டாக்கும் செலவு, கூடுதல் நேரம் | ஏற்றி இறக்கும் கூலி |

யாருக்கு எது

இருபது ஐபேட் ஓவியம் கையில் இருக்கிறது, பழைய வீட்டு கேலரி, பத்து நாள்: பன்னிரண்டை மட்டும் அச்சிடுங்கள். இருபதையும் மாட்டினால் எதுவும் மனதில் நிற்காது. ஐபேடின் புரோகிரியேட் செயலியில் வரைந்திருந்தால், அது நீங்கள் வரைந்ததை டைம்லாப்ஸாக (வேகமாக ஓடும் வீடியோவாக) பெரும்பாலும் தானே பதிந்து வைத்திருக்கும். அதை ஒரு சின்னத் திரையில் நுழைவாசல் அருகே ஓட விடுங்கள். "கம்ப்யூட்டரே வரைந்ததா தம்பி?" என்று கேட்பவருக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. அந்தத் திரையை அச்சுகளுக்கு நடுவில் மட்டும் வைக்காதீர்கள். அசைகிற ஒன்று பக்கத்தில் இருந்தால் அசையாததை யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஐந்து அனிமேஷன் லூப் என்றால் ஐந்து டிவி வேண்டாம். இரண்டு நல்ல திரை, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று படைப்பு, இடையில் தலைப்பு அட்டை. சத்தம் இருந்தால் ஹெட்ஃபோன். இரண்டு ஸ்பீக்கர் ஒரே அறையில் சண்டை போடுவதைக் கேட்கிற பார்வையாளர் வெளியே போய்விடுவார்.

நிரல் எழுதி ஓடும் படைப்பை நேரலையாக ஓட்டத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். பார்ப்பவர் தொடும் விஷயம் எதுவும் இல்லை என்றால் 40 நிமிடத்தைப் பதிவு செய்து வீடியோவாக ஓட்டுவது பாதுகாப்பு. நேரலை என்று எழுதி வைத்துவிட்டு வீடியோ ஓட்டுவது மட்டும் கூடாது.

ஒரே ஒரு மாலை, ஒரு பெரிய சுவர், இசையோடு: ப்ரொஜெக்டர். யோசிக்கவே வேண்டாம்.

விற்பனை பற்றி ஒரு சொல். அச்சில் பதிப்பு எண்ணிக்கையை (ஒரு படத்துக்கு மொத்தம் எத்தனை பிரதி என்பதை) முன்பே முடிவு செய்து, 1/10, 2/10 என்று பென்சிலில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பத்து என்று சொல்லிவிட்டுப் பதினொன்றாவதை அடிக்கக் கூடாது. பெரியதோடு ஏ4 அளவில் சிலவற்றையும் தட்டையான அட்டையில் வைத்திருந்தால், பேருந்தில் வந்தவரும் வாங்கிப் போவார். அசையும் படைப்பை யாராவது வாங்கக் கேட்டால் கோப்போடு ஒரு சான்றுத் தாளும் கொடுங்கள்: பதிப்பு எண், எந்த அளவுத் திரையில் காட்டலாம், பொது இடத்தில் ஓட்டலாமா, பிற்காலத்தில் கோப்பின் வடிவம் பழையதாகிவிட்டால் மாற்றித் தருவது யார். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, யாரும் காசு கொடுத்துச் செய்யச் சொல்லாமல் நீங்களாகச் செய்த படைப்பு என்றால், எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுக்காதவரை உரிமை படைத்தவரிடமே இருக்கும். ஆனாலும் அந்த வரியையும் தாளில் சேர்த்து, இரண்டு பேரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.